‘ஒண்ணும் ஆகாது சார்!’

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். அடுத்த தடவை ஹோட்டலுக்குப் போகும்போது சர்வரைக் கூப்பிட்டு, ‘‘இதுல கோதுமை சேருமா?’’ என்று கேளுங்கள்.

‘‘கோதுமை இல்லை சார், மைதாதான்.’’

‘‘அது ரவை சார். கோதுமை வேற.’’

‘‘சுகர் பேஷன்ட்டா சார்? சர்க்கரை இல்லாம காபி சொல்லிடறேன்.’’

இவற்றில் ஏதாவது ஒரு பதில் நிச்சயம். விடாமல் இன்னொரு முறை கேட்டால், கல்லாவில் இருப்பவரே எழுந்து வந்து, விபூதிப் பட்டை மிளிர, அந்த மகா வாக்கியத்தைச் சொல்வார்: ‘‘ஒண்ணும் ஆகாது சார், தைரியமா சாப்பிடுங்க!’’

எனக்கு இந்த வாக்கியத்தோடுதான் சண்டை.

யாருக்கு என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘சீலியாக்’ என்று ஒரு நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே திரும்பி சிறுகுடலைத் தாக்க ஆரம்பித்துவிடும். பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி வீசும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் இந்த க்ளூட்டன்தான். சிறுகுடலின் உட்சுவரில் சாப்பாட்டுச் சத்தை உறிஞ்ச, வெல்வெட் துணி மாதிரி விரல் விரலாகச் சவ்வு இருக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. ரத்தசோகை, வளராத குழந்தை, முப்பது வயதிலேயே பலவீனமான எலும்பு, சில பெண்களுக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் என்று வெவ்வேறு வேஷத்தில் வரும். இன்று வரை இதைக் குணமாக்க மருந்து கிடையாது. ஆயுள் முழுக்க க்ளூட்டன் பக்கம் போகாமல் இருப்பதுதான் வைத்தியம்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டிக்கு வழியில்லை. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார். முக்கால் நூற்றாண்டு ஆகிறது. நம்ம கல்லாக்காரர் இன்னும் ‘ஒண்ணும் ஆகாது’ என்கிறார்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணெதிரே ஒன்றும் ஆவதில்லை என்பது வாஸ்தவம். நிலக்கடலை அலர்ஜி உள்ளவர் மாதிரி இவர்கள் மேஜையிலேயே மூச்சுத் திணறி விழ மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, டிப்ஸ் வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். வயிற்று வலியும் பேதியும் வீட்டில்தான். சிலருக்கு அதுகூடத் தெரியாது. சத்தமில்லாமல் குடல் மட்டும் அரித்துக்கொண்டிருக்கும். டாக்டர் பில் ஹோட்டல் கல்லாவுக்கு வருவதில்லை. அதனால்தான் ‘‘இத்தனை வருஷமா ஹோட்டல் நடத்தறேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே’’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது.

அடுத்த வாதம் தயாராக இருக்கும். ‘‘இதெல்லாம் வடக்கே, வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதி சார்.’’ பாதி சரி. 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் அதிகமானவர்களைச் சோதித்தார்கள். வடக்கே 100 பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் மேலே (1.23 சதவிகிதம்). தெற்கே 1,000 பேரில் ஒருவர். கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது, இல்லையா? நான் பி.காம். படித்தவன், சதவிகிதத்தைத் தலையாக மாற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது. சென்னைப் பெருநகரத்தின் ஜனத்தொகை ஒரு கோடிக்கு மேல். 1,000-க்கு ஒன்று என்றாலே 10,000 பேர். சென்னையில் வேலை பார்க்கும் வட இந்தியர்களை இதில் தனியாகக் கூட்டவில்லை. ஒரு நாளைக்கு 1,000 பேர் சாப்பிடும் பெரிய ஹோட்டல் என்றால், கணக்குப்படி தினமும் ஒருத்தர் வந்தாக வேண்டும். வருவதில்லை. ஏன்? பயத்தில் வீட்டிலேயே இருக்கிறார்.

அவர் மட்டுமா? வீட்டில் நாலு பேர், சித்தி குடும்பம் மூன்று பேர் என்று ஏழு பேர் கிளம்பும்போது, ‘‘அவளால அங்க சாப்பிட முடியாதே’’ என்று ஒருத்தர் சொன்னால் ஏழு பேரும் அந்த ஹோட்டலுக்குப் போவதில்லை. ஒரு ஆள் நஷ்டம் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஏழு இலை நஷ்டம்.

எரிச்சலான விஷயம் என்ன தெரியுமா? இந்த நோய் உள்ளவர்களுக்குச் சோறு போட இந்த உலகத்திலேயே தோதான ஊர் நம்ம ஊர்தான். இத்தாலிக்காரனைப் பாருங்கள், பாவம். பாஸ்தா கோதுமை, பீட்ஸா கோதுமை, ரொட்டி கோதுமை. எல்லாவற்றுக்கும் மாற்று மாவு தேட வேண்டும். அப்படியும் செய்கிறான். அங்கே சீலியாக் நோயாளிகளின் சங்கம் ஹோட்டல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆயிரக்கணக்கான கடைகளைப் பட்டியலில் வைத்திருக்கிறது. நோயாளிகளுக்கு மாற்று உணவு வாங்க மாதாமாதம் அரசு உதவி தருகிறது. 2023-ல் குழந்தைகளுக்குப் பரிசோதனை செய்யவே தனிச் சட்டம் போட்டார்கள். நமக்கு என்ன கஷ்டம்? இட்லி அரிசியும் உளுந்தும். தோசை அதே. பொங்கல், இடியாப்பம், ஆப்பம், புட்டு, அடை... க்ளூட்டன் இந்தப் பக்கம் தலைகாட்டவே வேண்டியதில்லை. ஆனாலும் சென்னையில் ஒரு சீலியாக்காரர் ஹோட்டலில் நம்பிச் சாப்பிடக்கூடியது இளநீர் ஒன்றுதான் என்று ஆகியிருக்கிறது.

காரணம், ஒரு டப்பா. பெருங்காய டப்பா.

உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று போட்டிருக்கும். அசல் பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். அதை அப்படியே போட்டால் கார நெடி தாங்காது. அதனால் கருவேலம் பிசின் வகையறாவும் ஏதாவது மாவும் கலந்துதான் விற்கிறார்கள். சட்டமே அனுமதிக்கிறது. அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியாக வாங்கினாலும் தப்ப முடியாது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது; யாரும் கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

‘‘ஒரு சிட்டிகை பெருங்காயத்துல என்னய்யா வந்துடும்?’’ என்பீர்கள். கணக்குப் போடலாம், வாருங்கள். ஒரு பேச்சுக்கு, 50 பேருக்கான சாம்பாரில் 5 கிராம் பெருங்காயம். அதில் பாதி மாவு என்று வையுங்கள்: இரண்டரை கிராம். கோதுமை மாவில் சுமார் 10 சதவிகிதம் புரதம், அதில் பெரும்பகுதி க்ளூட்டன். ஆக, ஒரு கிராம் மாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம். இரண்டரை கிராமுக்கு 200. 50 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4 மில்லிகிராம். ஒரு ஆளுக்கு 150 கிராம் சாம்பார் என்றால், கிலோவுக்கு 26-க்கு மேல் வருகிறது. ‘க்ளூட்டன் இல்லாதது’ என்று சொல்லிக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதாவது, வேறு எந்தத் தப்பும் செய்யாத சாம்பாரே பரீட்சையில் ஃபெயில். பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாதகமில்லை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சாம்பாரில் 4 போச்சு. ரசத்திலும் பெருங்காயம், இட்லி மிளகாய்ப் பொடியிலும், ஊறுகாயிலும், சாம்பார் வடையிலும் பெருங்காயம். கூட்டிக்கொள்ளுங்கள்.

இது நேர்மையான ஹோட்டலின் கணக்கு. சாம்பார் தண்ணியாக இருந்தால் ஒரு கை மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கும் ஹோட்டல்களின் கணக்கை நான் போடவில்லை.

அடுத்து, தோசைக் கல். ஒரே கல்லில் சாதா தோசை, ரவா தோசை, கோதுமை தோசை. சாயங்காலம் அதிலேயே பரோட்டா, சப்பாத்தி. நடுவில் தண்ணீர் தெளித்து, சீவி வைத்த தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு. அதற்குப் பேர் சுத்தம். அதே தோசைத் திருப்பி, அதே எண்ணெய்க் கிண்ணம். பூரி பொரித்த வாணலியிலேயே வடை. வடையில் கோதுமை இல்லைதான். எண்ணெயில் மிதக்கிற பூரி மாவுக்கு அது தெரியாதே! பரோட்டா மாஸ்டர் மைதாவைத் தூவித் தூவித் தேய்க்கும் மேடைக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கும் தேங்காய்ச் சட்னியின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பேர்களும் நம்மைக் குழப்புகின்றன. மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா எல்லாம் கோதுமை வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் இனிஷியல் போட்டுக்கொள்வதில்லை. மைதா கிழங்கிலிருந்து வருகிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ‘இட்லி ரவை’ அரிசியில் செய்தது, ‘ரவா இட்லி’ கோதுமையில் செய்தது. இதில் சர்வர் தம்பி தடுமாறினால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ராகி சேமியா பாக்கெட் சிலவற்றின் பின்பக்கத்தில் கோதுமையும் சேர்ந்திருக்கும். உடம்பு சரியில்லை என்றால் நாம் முதலில் கலக்கிக் கொடுப்பது ஹார்லிக்ஸ். அதன் மூலப்பொருளே கோதுமையும் முளைகட்டிய பார்லியும்தான். சீலியாக் குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போகும் பாசக்கார மாமாக்களை என்ன செய்வது?

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் வேறு கூத்து. ஏ.சி. போட்ட காபி ஷாப்கள். கரும்பலகையில் சாக்பீஸால் அழகாக ‘க்ளூட்டன் ஃப்ரீ பிரவுனி’ என்று எழுதியிருக்கும். விலை, பக்கத்தில் இருக்கும் சாதா பிரவுனியைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டியில், ஒரே தட்டில், தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கும். எடுத்துக் கொடுக்கும் இடுக்கியும் ஒன்றே. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அன்றிலிருந்து கம்பு அடை, வரகுப் பொங்கல் எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டம் தாராளமாக வழங்கப்படுகிறது. கம்பில் க்ளூட்டன் இல்லை, சரி. கம்பை அரைத்த மில்லில் அதற்கு முன்னால் அரைத்தது என்ன? அடையில் போட்ட பெருங்காயம் என்ன? கேட்டால் அங்கேயும், கொஞ்சம் ஸ்டைலான இங்கிலீஷில், ‘ஒண்ணும் ஆகாது’தான்.

இதில் வாடிக்கையாளர்களுக்கும் பங்கு உண்டு. உடம்பு இளைக்க க்ளூட்டனை விட்டிருக்கிறேன் என்று ஒருவர் சர்வரை அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்துவிட்டு, கடைசியில் கோன் ஐஸ்க்ரீமும் கையுமாக வெளியே போகிறார். எது வேண்டுமானாலும் சாப்பிடுவதும் விடுவதும் அவர் இஷ்டம். ஆனால், அடுத்து வரும் நிஜமான நோயாளி, ‘‘எனக்கு ஆகாதுங்க’’ என்று சொல்லும்போது அந்த சர்வர் முகத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு வருகிறதே, அந்தச் சிரிப்பை உபயம் செய்தவர் ஃபேஷன்காரர்தான்.

சட்டம் என்ன செய்கிறது? ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜூலையிலிருந்து, பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள ஹோட்டல்களும் மத்திய லைசென்ஸ் வைத்திருப்பவையும், ஒவ்வாமை தரும் பொருள்கள் எதெதில் இருக்கின்றன என்பதை மெனு கார்டில் தெரிவிக்க வேண்டும். க்ளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. மற்றவர்களுக்கு? நீங்களும் நானும் அன்றாடம் சாப்பிடும் தெருமுனை டிபன் கடை, மெஸ், ஒற்றைக் கிளை காபி ஷாப் எதற்கும் இது கிடையாது. ஐரோப்பிய யூனியனில் 2014 டிசம்பர் முதலே 14 வகைப் பொருள்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு சின்னக் கடைக்கும் உண்டு. குடல் எல்லா ஹோட்டலிலும் ஒரே மாதிரிதான் அரிக்கிறது. பத்துக் கிளைகள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அரிப்பதில்லை.

‘‘தனிக் கிச்சன் கட்டச் சொல்றீங்களா சார்?’’ என்று ஒரு ஹோட்டல் நண்பர் என்னிடம் கோபப்பட்டார். இல்லை, அண்ணே. முதல் வேலையாக, மொத்த ஹோட்டலுக்கும் அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறுங்கள். சாம்பாரை இரண்டாக வைக்க வேண்டாம். இருக்கிற ஒரே சாம்பார் எல்லோருக்கும் ஆகும். தனியாக ஒரு சின்ன தோசைக் கல், ஒரு கரண்டி, ஒரு திருப்பி. கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றி, ரவா மாவு படாத மூலையில் மாட்டி வையுங்கள். பொரித்த அயிட்டங்களுக்கு ‘முடியாது’ என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள் இருக்கட்டும். மற்றவர்கள் ‘‘இருங்க, அவரைக் கூப்பிடறேன்’’ என்று சொன்னால் போதும். எல்லாருக்கும் கெமிஸ்ட்ரி கற்றுத் தர வேண்டாம்.

இதுவும் முடியாதென்றால், ‘‘எங்ககிட்ட எல்லாம் ஒண்ணா கலக்கும், உங்களுக்குச் சரிப்படாது’’ என்று சொல்லுங்கள். அந்தப் பதிலைக் கேட்டு எந்த நோயாளியும் கோபித்துக்கொள்ள மாட்டார். கும்பிட்டுவிட்டுப் போவார்.

இதெல்லாம் நம் ஆட்களுக்குப் புதிது என்று மட்டும் சொல்லாதீர்கள். கார்த்திகை மாதம் வந்தால் ‘ஐயப்ப பக்தர்களுக்குத் தனிச் சமையல்’ என்று போர்டு மாட்டத் தெரிகிறது. வெங்காயம், பூண்டு இல்லாமல் ஜைன சாப்பாடு தரத் தெரிகிறது. சைவக் கரண்டி அசைவத்தில் பட்டால் சண்டை வரும் என்று தெரிந்து தனித்தனியாக வைக்கத் தெரிகிறது. நம் பாட்டிகள் ‘பத்து’ என்று ஒன்று பார்ப்பார்களே, சோற்றுப் பானையைத் தொட்ட கையால் தயிரைத் தொடக் கூடாது என்று? அந்த மடி ஆசாரத்தின் பேரில் மனிதர்களையே தள்ளி வைத்த அழுக்கு வரலாறு நமக்கு உண்டு. அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் ஒன்று இன்னொன்றின் மேல் பட்டால் ஒட்டிக்கொண்டு வரும் என்ற விஷயத்தை இந்த ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாமிக்கும் சாதிக்கும் முடிகிற காரியம், ஒரு குழந்தையின் வயிற்றுக்கு முடியாதா?

குழந்தை என்று சும்மா எழுதவில்லை. என் நண்பரின் மகளுக்குப் பதினோரு வயது. ஐந்து வயது வரை நன்றாக வளர்ந்தவள், அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள். டானிக், பூச்சி மருந்து, மூன்று டாக்டர்கள் தாண்டி எட்டாவது வயதில்தான் சீலியாக் என்று தெரிந்தது. கோதுமையை நிறுத்தியதும் ஒரே வருஷத்தில் யூனிஃபார்ம் குட்டையாகிவிட்டது என்று நண்பர் கண் கலங்கச் சொன்னார். வெளியே போகும்போது அவளுக்குத் தனி டிபன் டப்பா. போன வருஷம் ஒரு பிறந்த நாள் விருந்து, பெரிய ரெஸ்டாரன்ட். எல்லாப் பிள்ளைகளும் பீட்ஸா சாப்பிட, இவள் டப்பாவைத் திறந்தாள். சூப்பர்வைசர் ஓடி வந்து, ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டைக் காட்டினார். நோயை விளக்கியும் கேட்கவில்லை. அந்தப் பெண் டப்பாவை எடுத்துக்கொண்டு கார் பார்க்கிங்கில் போய், காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவள் சாப்பிடக்கூடியதாக அங்கே எதுவும் இல்லை. அவள் கொண்டு வந்ததையும் சாப்பிடக் கூடாது. இது என்ன நியாயம்? இந்த ஊரில் எந்த ஹோட்டல் முதலாளியும் கல்லையும் கரண்டியையும் பெருங்காயத்தையும் மாற்ற வேண்டாம், போகட்டும். அந்த போர்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: ‘மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு.’ பெயின்ட் செலவு என்னுடையது.

அந்தப் பெண் இப்போது நிம்மதியாகச் சாப்பிடும் கடை ஒன்றே ஒன்று. அவர்கள் தெருவிலேயே ஓர் அக்கா நடத்தும் மெஸ். ஆறு மேஜை. நண்பர் விஷயத்தைச் சொன்னதும் அந்த அக்கா, ‘‘ஒண்ணும் ஆகாது’’ என்று சொல்லவில்லை. உள்ளே போய் பெருங்காய டப்பாவைக் கொண்டு வந்து நீட்டி, ‘‘இதுவா பாருங்க, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது’’ என்றாராம். மறு வாரம் டப்பா மாறிவிட்டது. காலையில் அடுப்பு பற்ற வைத்ததும் முதல் இட்லி ஈடு அவளுக்கு, தனிச் சட்னி, தனிக் கரண்டி.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறார். ‘‘ஞாயித்துக்கிழமை மட்டும் வராதே கண்ணு. அன்னிக்குப் பூரி. மாவு எங்கெங்க பறக்கும்னு என்னால சொல்ல முடியாது.’’